7. சக்கரவர்த்தியின் சக்கரம்

அந்த இடத்தை ஒர்க் ஷாப் என்று சொன்னால் ஒர்க் ஷாப்புகளுக்குக் கோபம் வரும். ஸ்டுடியோ என்று சொன்னால் ஸ்டுடியோக்கள் கோபித்துக்கொள்ளும். தரையின் ஒரு பாதியில் நிஜமான ஆயில் கறை. மறு பாதியில் பெயின்டரை வைத்து வரைந்த ஆயில் கறை. ஸ்டெப்னி நிஜக் கறையை ஓவியம் என்று நம்பி மிதித்து, வழுக்கிப் போய் இன்னும் காயாத ஓவியத்தின் மேல் மல்லாந்தான்.

"யோவ், எழுந்திருய்யா! அது ஆர்ட்!" என்று மேலேயிருந்து ஒரு லைட்மேன் கத்தினான்.

"நான் விழுந்ததைச் சொல்றியா, வரைஞ்சதைச் சொல்றியா?"

"எழுந்திரு ஸ்டெப்னி" என்றாள் மேடம், திரும்பிப் பார்க்காமலே. "நம்மளை இங்க யாருக்கும் பிடிக்கலை. நீ வேற சட்டையைக் காட்டி சிரிக்க வைக்காதே."

மேடம் தனியார் துப்பறிவாளர். முன்பு விபத்துக் கிளெய்ம்களை விசாரிக்கும் உத்தியோகத்தில் இருந்தவள். மனிதர்கள் எத்தனை விதமாகப் பொய் சொல்வார்கள் என்பதை அங்கே கற்று, மூட்டுவலியோடு வெளியே வந்தவள். அவளுடைய காரில் எப்போதும் உபரி டயர் மாதிரி பின்னால் கிடப்பதால் உதவியாளனுக்கு ஸ்டெப்னி என்று பெயர். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தமும் உண்டு என்று தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். அவர்களோடு சேர்ந்து அவனும் சிரித்துவிடுவான். வேறு வழி?

விஷயம் இதுதான். 'மீண்டும் மின்னல்' என்று ஒரு டி.வி. நிகழ்ச்சி. கோழிகள் குடியிருந்த ஒரு பழைய ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரைக் கண்டெடுத்து, புதுப்பித்து, பழைய கார்களுக்கான ரேஸில் ஓட்டிக் காட்டுவது. நிகழ்ச்சி நாயகருக்கு 'வேகச் சக்கரவர்த்தி' என்று சேனலே பட்டம் கொடுத்திருந்தது. காரை அவர் தன் கையாலேயே புதுப்பிக்கிறார், ரேஸும் அவரே ஓட்டுகிறார் என்று ஜனங்கள் நம்பினார்கள். உண்மையில் புதுப்பித்தது ஸ்பேனர் என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு மெக்கானிக் பெண். ஓட்டியது, முகம் மறைக்கும் ஹெல்மெட்டுக்குள், அவளுடைய அண்ணன். சக்கரவர்த்தி காரில் ஏறும்போது கையசைப்பார், இறங்கும்போது கையசைப்பார். நடுவில் இளநீலக் குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பார்.

போன வாரம் ஒத்திகை ஓட்டத்தில், வளைவில், முன்பக்க இடது சக்கரம் காரோடு இருந்த உறவை முறித்துக்கொண்டு தனியாகப் போய்விட்டது. கார் சுவரில் மோதியது. அண்ணன் இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். போலீஸ் கேட்டபோது அவன் சொன்னது ஒரே வரி: "சக்கரத்து நட்டை இறுக்கினது என் தங்கச்சி."

அது போதாதா? ரேஸில் தானே ஓட்டவேண்டும் என்று தங்கச்சி கேட்டிருந்தாள். சேனல் அண்ணனுக்குக் கொடுத்தது. முந்தின நாள் யூனிட் முழுக்கக் கேட்கும்படி, "ஓட்டுடா ஓட்டு, எந்தச் செவுத்துல போய் நிக்கிறேன்னு பாக்கலாம்" என்று அவள் சொல்லியிருந்தாள். சுவரும் அவள் பேச்சைக் கேட்டுவிட்டது.

மேடத்தைக் கூப்பிட்டது அண்ணனின் மனைவி. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பேச்சிலும் மீதியே வராது. "என் நாத்தனார்தான் செஞ்சா. அவ உள்ள போகணும். வக்கீல் வந்து ஓட்டை கண்டுபிடிக்காத மாதிரி நிரூபிச்சுக் கொடுங்க" என்று காபி கூடக் கொடுக்காமல் சொல்லியிருந்தாள். இப்போது அவளும் வந்து, செட்டின் ஓரத்தில் ஒரு இரும்பு நாற்காலியில், கைப்பையை மடியில் நிறுத்தி உட்கார்ந்திருந்தாள். கைதைப் பார்க்க வந்திருந்தாள்.

ஆமாம், கைது. மத்தியானம் இன்ஸ்பெக்டர் வருகிறார். சேனல் அதையும் படம் பிடிக்கிறது. சிறப்பு எபிசோட்.

"கைது பண்றதை ரெண்டு தடவை பண்ணச் சொல்லியிருக்காங்களாம் மேடம்" என்று ஸ்டெப்னி சேதி கொண்டுவந்தான். "ஒரு தடவை தூரத்துல இருந்து, ஒரு தடவை கிட்டத்துல. இன்ஸ்பெக்டர் மேக்கப்புக்கு ஒத்துக்கிட்டாரு."

மேடம் அதற்குள் ஸ்பேனரிடம் போய்க்கொண்டிருந்தாள்.

ஸ்பேனர், நசுங்கிய காருக்குப் பக்கத்தில் ஒரு டயரின் மேல் உட்கார்ந்து, விரலிடுக்குகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதற்கு ஒன்றுமில்லை, ஒரு வாரமாக அவளை யாரும் எதையும் தொட விடவில்லை.

"இந்தச் சக்கரத்தை எப்படி மாட்டுவீங்க?" என்றாள் மேடம்.

"கையால."

"மரியாதையா பேசும்மா" என்றான் ஸ்டெப்னி. "நாங்க உன் எதிர்க்கட்சிதான், ஆனா கெட்ட எதிர்க்கட்சி இல்ல."

ஸ்பேனர் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "சட்டையில பெயின்டு. அது துவைச்சாலும் போகாது. போட்டுட்டு வந்த மாதிரியே போட்டுட்டுப் போங்க."

"நட்டு" என்றாள் மேடம்.

சொல்லித் தொலைத்தால் போய்விடுவார்கள் என்று நினைத்தோ என்னவோ, ஸ்பேனர் சொன்னாள். இந்த மாதிரி பழைய காருக்கு நாலைந்து நட்டு கிடையாது. நடுவில் ஒரே பெரிய நட்டு, ரெண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டு. ஸ்பேனர் என்கிற கருவியே வேண்டாம், செம்புச் சுத்தியலால் காதில் தட்டவேண்டும்.

"இறுகிடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

"சத்தம். லூஸா இருக்கறப்போ 'தொப்'புன்னு கேக்கும். இறுகினதும் 'ணங்'குன்னு கேக்கும். ணங் வந்தா நிறுத்திடணும். எங்க வீட்ல நடக்கத் தெரியறதுக்கு முன்னாடி இது தெரியும்."

"அன்னிக்கு ணங் வந்துச்சா?"

"வந்துச்சு. அப்ப கேமராவே வரலை. அவங்க வந்ததும் 'ஃப்ரேமை விட்டு வெளிய போ'ன்னு துரத்திட்டாங்க. எப்பவும் துரத்தறதுதான். நான் கேட்டுக்கு வெளிய போய் நின்னேன். கூப்பிடறப்போ கார் டிராக்ல நின்னுச்சு." எழுந்துகொண்டாள். "போதுமா? உங்களை நான் கூப்பிடலை. என்னைக் காப்பாத்தவும் வேணாம், கவுக்கவும் வேணாம். உங்க வேலையைப் பாத்துட்டுப் போங்க."

திரும்பி நடக்கும்போது ஸ்டெப்னி முணுமுணுத்தான்: "குத்தவாளிக்கு இவ்வளவு திமிர் ஆகாது மேடம். நிரபராதிக்கு அதைவிட ஆகாது."

"பயந்தவங்க நம்மளைத் துரத்துவாங்க. ஆனா இவ பயப்படலை" என்றாள் மேடம். "அப்ப ஏன் துரத்தறா?"

எடிட்டிங் அறை என்பது சாப்பாட்டு டப்பாக்களும் ஒயர்களும் சரிசமமாக ஆட்சி செய்யும் ஒரு பொந்து. உள்ளே சவுண்ட்காரர் இருந்தார். வாசலை அடைத்துக்கொண்டு டைரக்டர் இருந்தார். டைரக்டர் கறுப்புக் கண்ணாடியை இருட்டறையிலும் கழற்றாதவர்.

"இது படைப்பு சம்பந்தப்பட்ட இடம். வெளியாட்களுக்கு அனுமதி இல்ல" என்றார்.

"நாங்களும் படைப்புதான் சார், கடவுளோட" என்று சொல்லிவிட்டு ஸ்டெப்னி அவருடைய கைக்கு அடியில் குனிந்து உள்ளே போய்விட்டான். மேடம் குனியவில்லை. அவள் நின்று பார்த்ததில் டைரக்டர் தானாகவே நகர்ந்தார்.

"டி.வி.யில ஒரு வாரமா ஒரு விளம்பரத் துண்டு போடறீங்களே, சக்கரவர்த்தி நட்டு இறுக்கறது. அதைப் போடுங்க."

திரையில் புகை வந்தது. புகைக்குள்ளிருந்து சக்கரவர்த்தி வந்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு குளோசப்: தோல் கையுறை போட்ட ஒரு கை, சுத்தியல், பளபளக்கும் நட்டு. ஒரு அடி. நட்டு திரும்பியது. இன்னொரு அடி. இன்னும் கொஞ்சம் திரும்பியது. ணங்! கை நின்றது. 'இவர் தொட்டால் இரும்பும் இறுகும்' என்று எழுத்து வந்தது.

"எழுதினவன் கையைக் கொடுக்கச் சொல்லுங்க" என்றான் ஸ்டெப்னி, "உடைக்கறதுக்கு."

மேடம் அவனுடைய தண்ணீர் பாட்டிலைக் காட்டினாள். "அதை மூடு."

"மூடித்தான் இருக்கு மேடம்."

"தெரியும். மறுபடி மூடு. மூடி திரும்பறது எனக்குத் தெரியணும்."

"மூடினதை எப்படி மேடம் மறுபடி… திறந்தாத்தானே…" ஸ்டெப்னியின் வாய் அப்படியே நின்றது. அவனுடைய வாழ்க்கையில் அது அபூர்வம்.

"கேமரா வர்றதுக்கு முன்னாடியே அந்தப் பொண்ணு நட்டை இறுக்கிட்டா" என்றாள் மேடம். "அப்ப கேமரா முன்னாடி இந்த நட்டு எப்படித் திரும்புது?"

டைரக்டர் கண்ணாடியைச் சரிசெய்தார். "அது வேற நாள் எடுத்தது."

"அதே முன்பக்க இடது சக்கரம். அதுக்கு மேல பிஸ்கட் கம்பெனி ஸ்டிக்கர் தெரியுது சார்" என்றான் ஸ்டெப்னி. "விபத்து அன்னிக்குக் காலையிலதான் அதை ஒட்டினீங்க. கைதட்டி, எல்லாருக்கும் பிஸ்கட் கொடுத்து. மிச்சத்தை வாசல்ல வாட்ச்மேன் இன்னும் தின்னுட்டிருக்கார், நமுத்துப் போச்சுன்னு திட்டிக்கிட்டே."

மேடம் சவுண்ட்காரரிடம் திரும்பினாள். "மெதுவா ஓட்டுங்க."

மெதுவாக ஓடியது. சுத்தியல் இறங்கி, நட்டின் காதில் பட்டு, தலை உள்ளே அமுங்கி, பஞ்சு மாதிரி மறுபடி எழும்பியது.

"மேடம், சுத்தியல் வெட்கப்படுது!"

"ஸ்பான்ஜு" என்றார் சவுண்ட்காரர். பாவம், அவரிடம் யாரும் எதுவும் கேட்டதே இல்லை. கேட்டதும் பெருமை பொங்கிவிட்டது. "நிஜச் சுத்தியல் பட்டா குரோம்ல கீறல் விழும், குளோசப்புல அசிங்கமா இருக்கும்னு டைரக்டர் சார் ஸ்பான்ஜுல செஞ்சு பெயின்ட் அடிக்கச் சொன்னார். முதல்ல நட்டை லூஸ் பண்ணிட்டு, இதால தட்டித் திருப்பறது. சத்தம் என்னோடது. குக்கர் மூடியும் கரண்டியும்! பின்னாடி சேர்க்கலை, ஸ்பாட்லயே அடிச்சேன். அடிக்கிற கைக்கு ஒரு ரிதம் கிடைக்கணுமில்ல? நிஜ ணங்கைவிட என் ணங் நல்லா இருக்கும்!"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் கண்ணாடியைத் துடைத்தால் யாருக்கோ கெட்ட காலம் என்று ஸ்டெப்னிக்குத் தெரியும்.

வெளியே செட் தயாராக இருந்தது. இன்ஸ்பெக்டர் பவுடர் முகத்தோடு வந்திருந்தார். கேமரா ஓடத் தொடங்கியிருந்தது. சக்கரவர்த்தி துக்கமான முகத்தோடு நசுங்கிய காரின் மேல் ஒரு கையை வைத்து நின்றார். இடது பக்கம் திரும்பி நின்றார். அந்தப் பக்கம்தான் கேமராவில் அவருக்குத் துக்கம் எடுபடும்.

"என் ரத்தத்தால் வளர்த்த குழந்தை இது…" என்று தொடங்கினார்.

"குழந்தைக்கு நட்டைக் கழட்டினது யாரு?" என்றாள் மேடம், ஃப்ரேமுக்குள் நடந்து வந்து.

சுருக்கமாகச் சொன்னாள். பக்கத்திலிருந்த பெரிய மானிட்டரில் அந்தத் துண்டை சவுண்ட்காரர் ஓட்டினார். இன்ஸ்பெக்டர் அதை ஒருமுறை பார்த்தார், ஸ்டெப்னி காட்டிய பாட்டில் மூடியை ஒருமுறை பார்த்தார். இரண்டாவது அவருக்குச் சட்டென்று புரிந்தது.

"அதாவது, இறுகியிருந்த நட்டை யாரோ படத்துக்காகக் கழட்டி, பஞ்சால தட்டி விட்டுட்டுப் போயிட்டாங்க. அப்படித்தானே?"

"அப்படித்தான். அது யாரோட கைன்னு இவங்க சேனலே ஒரு வாரமா சொல்லுது." மேடம் சக்கரவர்த்தியைப் பார்த்தாள். "இவர் தொட்டால் இரும்பும் இறுகும்."

இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார். சக்கரவர்த்தியின் கை காரிலிருந்து சுடுபட்டதுபோல் எழும்பியது.

"என் கை இல்ல!"

"உங்க நிகழ்ச்சி சார். உங்க கையாலேயே புதுப்பிக்கிற கார்" என்றாள் மேடம்.

"ஐயோ, நான் எதையுமே தொட்டதில்ல! சத்தியமா! எனக்கு கிரீஸ் அலர்ஜி! கார்ல உக்காந்தாலே எனக்கு வாந்தி வரும், நிக்கிற கார்லயே வரும், யாரை வேணா கேளுங்க! சுத்தியல் எந்தப் பக்கம் பிடிக்கணும்னு கூட எனக்குத் தெரியாது!"

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டருக்குக் 'கட்' சொல்ல வாய் வரவில்லை. அந்த நிகழ்ச்சியில் அவர் எடுத்த முதல் நிஜமான காட்சி அதுதான். மேலே லைட்மேன் சிரித்தான். அந்தச் சிரிப்பு கீழே வரை இறங்கி, டீ கொடுப்பவர் வரை போய்விட்டது.

"அப்ப யார் கை?" என்று இன்ஸ்பெக்டர் உறுமினார்.

டைரக்டருக்கு மூளை திரும்பியது. "ஸ்பேனரோடதுதான்! கை டூப் எப்பவும் அவதான் சார். எந்த எபிசோட் வேணா பாருங்க. கையுறை போட்டா யாருக்குத் தெரியும்? அவளே கழட்டி, அவளே மறந்துட்டா. இல்ல, மறக்காமலேயே விட்டுட்டா."

சிரிப்பு நின்றது. பழைய எபிசோட்களில் அது உண்மைதான் என்று யூனிட்டுக்கே தெரியும். எல்லார் கண்ணும் ஸ்பேனர் மேல் போனது. அவள் மானிட்டரைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் இல்ல" என்றாள். அவ்வளவுதான்.

"வேற யாரு? சொல்லு" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவள் சொல்லவில்லை. இன்ஸ்பெக்டர் பெண் கான்ஸ்டபிளைப் பார்த்துத் தலையசைத்தார். காலையில் அவள் போய் மாட்டினால் சரிதான் என்றிருந்த ஸ்டெப்னி, இப்போது மேடத்தின் முந்தானையைப் பிடித்து இழுக்காத குறை.

"அந்தக் கையைப் பாருங்க" என்றாள் மேடம், யாரிடம் என்றில்லாமல். "ணங் வர்றவரைக்கும் அடிக்குது. ணங்குன்னதும் நின்னுடுது. டைரக்டர் சொல்லி நிக்கலை, காது சொல்லி நிக்குது. நடிக்கத் தெரிஞ்ச கை இன்னும் ரெண்டு அடி அடிச்சிருக்கும். இது வேலை தெரிஞ்ச கை. பிடிச்சிருக்கறது பஞ்சுன்னு தெரிஞ்சும், குக்கர் மூடியோட ணங்கைக் கேட்ட பழக்கத்துல, இறுகிடுச்சுன்னு நிஜமாவே நம்பிட்ட கை. இங்க அந்தச் சத்தம் தெரிஞ்சவங்க ரெண்டே பேர். ஒருத்தர் இங்க நிக்கிறாங்க."

இன்னொருவர் எங்கே படுத்திருக்கிறார் என்று அவள் சொல்லவில்லை. செட்டின் ஓரத்துக்கு நடந்தாள். கணக்கு டீச்சர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தாள். கண் மானிட்டரில் இருந்தது. முகத்தில் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு வெளுப்பு.

"நான் சொன்னா அது துப்பு" என்றாள் மேடம் மெல்ல. "நீங்க சொன்னா சாட்சி. நீங்க என் கட்சிக்காரர். சொல்லாம விட்டாலும் நீங்க கேட்டதுதான் நடக்கும்; உங்க நாத்தனார் உள்ள போவா."

டீச்சர் எழுந்தாள். கைப்பை கீழே விழுந்தது, எடுக்கவில்லை. மானிட்டருக்கு மிக அருகில் போய் நின்றாள். திரையில் கை சுத்தியலைப் பிடித்திருந்தது. நாலு விரல் மடங்கியிருந்தது. சுண்டுவிரல் மட்டும் யாரையோ ஒதுக்கி வைத்ததுபோல் நீட்டிக்கொண்டு நின்றது.

"அந்த விரல் மடங்காது" என்றாள். குரல் வகுப்பறைக் குரல்தான். ஆனால் பின்பெஞ்ச் வரை போகவில்லை. "கல்யாணத்துக்கு முன்னாடி ஏதோ ரேஸ்ல உடைஞ்சது. டீ கிளாஸ் பிடிச்சாலும் அப்படித்தான் நிக்கும். ஜட்ஜ் ஐயா டீ குடிக்கிறார்னு நான் கிண்டல் பண்ணுவேன்." ஒரு மூச்சு விட்டாள். "என் வீட்டுக்காரர் கை."

டைரக்டர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே சாதாரணக் கண்கள்தான் இருந்தன. அதற்குப் பிறகு அவரிடமிருந்து கறக்க இன்ஸ்பெக்டருக்கு அதட்டல் ஒன்றே போதுமாக இருந்தது. ஸ்பேனரை வெளியே துரத்திவிட்டதால் டூப் கைக்கு ஆள் இல்லை. அண்ணனைக் கூப்பிட்டு, நட்டைத் தளர்த்தித் தட்ட வைத்தார்கள். குளோசப் முடிந்ததும் ஹெல்மெட்டை மாட்டி டிராக்குக்கு அனுப்பினார்கள். விபத்துக்குப் பிறகு டைரக்டர் ஆஸ்பத்திரிக்குப் போய், கை விஷயத்தை வெளியே விடாமலிருந்தால் அடுத்த சீசனில் ஹெல்மெட் இல்லாமல், முகம் தெரிய, நீதான் சக்கரவர்த்தி என்று சொல்லிவிட்டு வந்தார்.

"என்னது?" என்றார் நிகழ்காலச் சக்கரவர்த்தி. அவரை யாரும் கவனிக்கவில்லை.

"பொய்யே சொல்லலையே மேடம் அந்தாளு" என்றான் ஸ்டெப்னி. "நட்டை இறுக்கினது என் தங்கச்சி. முழு உண்மை. கழட்டினது யாருன்னு யாரும் கேக்கலை, அவரும் தொந்தரவு பண்ணலை."

டீச்சர் நாத்தனாரிடம் போய் நின்றாள். அடிக்கத்தான் போகிறாள் என்று பெண் கான்ஸ்டபிள் நடுவில் வந்தாள்.

"ஒரு வாரமா டி.வி.யில ஓடுது. நீ பாத்திருப்பே."

ஸ்பேனர் இடுப்பிலிருந்து கைத்துணியை உருவினாள்.

"எனக்கே தெரியுது அந்த விரல். கூடப் பிறந்தவ உனக்குத் தெரியாதா? ஜெயிலுக்குப் போறவரைக்கும் வாயில என்ன வெச்சிருந்தே?"

"அவன் சொல்லுவான்னு பாத்தேன் அண்ணி."

"சொல்லலைன்னா?"

"தெரியலை. நாளைக்குச் சொல்லுவான், நாளைக்குச் சொல்லுவான்னு…" ஸ்பேனர் கைத்துணியை முறுக்கினாள். "நான் சொல்லி அவன் மாட்டக்கூடாது. அவனாச் சொல்லணும். அதுக்காகத்தான் இந்தம்மாவைக் கூடத் துரத்தினேன்."

"ரெண்டும் ஒரே வயித்துல பொறந்த முட்டாளுங்க" என்றாள் டீச்சர். கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் இருக்க அவள் பட்ட பாடு கழுத்து நரம்பில் தெரிந்தது. கீழே விழுந்த கைப்பையை எடுத்து, தூசி தட்டி, தோளில் மாட்டினாள். "வா. ஆஸ்பத்திரிக்கு."

"என்னை உள்ள விடக்கூடாதுன்னு நீங்கதானே சொல்லி வெச்சிருக்கீங்க."

"இப்ப விடச் சொல்றேன். முதல்ல நான் உள்ள போறேன். நான் திட்டி முடிச்சு மிச்சம் இருந்தா, நீ வந்து திட்டிக்கோ."

"முடியாது அண்ணி. நீங்க முதல்ல போனா மிச்சமே இருக்காது. முதல்ல நான்."

"தாலி கட்டிக்கிட்டவ நானு."

"எனக்கு அவனை அதுக்கு முன்னாடியே தெரியும்."

இருவரும் ஒரே நேரத்தில் கேட்டை நோக்கி நடந்தார்கள். யார் முதலில் என்கிற வாக்குவாதம் வாசல் தாண்டி, தெருவில் இறங்கி, ஆட்டோக்காரர் ஒருவரையும் சேர்த்துக்கொண்டு சத்தமாகப் போனது.